பின்னத்தை ஏன் தலைகீழாக்க வேண்டும்?

ஐயா,

கணித ஆசிரியரின் திறமையைத் தேர்ச்சி விழுக்காட்டை வைத்தே எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. கம்பத்தில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எடை பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

பின்னத்தால் வகுக்க வேண்டுமென்றால் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பதை என் மகள் மந்திரம்போல ஒப்பிப்பாள். ஏன் என்றால் விழிப்பாள். இந்த ஆண்டு வந்த ஆசிரியை, 3 கிலோ ஏலக்காயைக் கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை வரும் என்று கேட்டிருக்கிறார். வகுப்பே 12 என்றதாம். கிலோவுக்கு 4 பொட்டலம்; ஆகவே காலால் வகுப்பதும் நாலால் பெருக்குவதும் ஒன்றுதான். அதோடு விடவில்லை. முக்கால் கிலோப் பொட்டலம் என்றால்? ஒரு பையன் 9 என்றான். அதை அழிக்காமல், எப்படி வந்தது என்று அவனையே கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னார். பாதியிலேயே அவன் 4 என்று திருத்திக்கொண்டானாம்.

குமுளிக்கு அப்பால், கேரளத்தில், 16ஆம் நூற்றாண்டிலேயே ஜேஷ்டதேவர் என்ற கணித அறிஞர் கணித முடிவுகளுக்கான நிரூபணங்களை 'யுக்திபாஷா' என்ற நூலில் மலையாளத்தில் விளக்கி எழுதினார். நம் பள்ளிகளிலோ ஆய்வுக்கு வருபவர்கள் 'பாடம் முடிந்ததா?' என்றுதான் கேட்கிறார்கள். ஒருமுறையாவது கடைசி பெஞ்சில் அமர்ந்து வகுப்பை முழுவதும் கவனிக்கட்டும்.

- ஒரு வாசகர், கம்பம்