ஓட்டில்லாதவனின் சிபாரிசு

ஆசிரியருக்கு,

டெக்சாஸில், ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். கவுண்டி நம் மாவட்டம் மாதிரிதான், ஆனால் கலெக்டர் கிடையாது. 4 கமிஷனர்களையும் ஒரு கவுண்டி ஜட்ஜையும் (பெயர்தான் ஜட்ஜ், கவுண்டி நிர்வாகத்துக்குத் தலைவர்) மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பட்ஜெட், கவுண்டியின் சொத்து வரி, சாலை, பாலம் எல்லாம் இந்த 5 பேர் கையில்.

எங்கள் தெருமுனை டயர் கடைக்காரர் கமிஷனர் பதவிக்கு நிற்கிறார். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழையில் பிரசோஸ் ஆறு பெருகியபோது, தன் மீன்பிடிப் படகில் எங்களையும் எதிர்வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு போனவர். (நாய்தான் முதலில் ஏறியது.) இன்றும் மழை அறிவிப்பு வந்தால் வடிகால் வாயிலில் இலைக் குப்பையை வாரிக்கொண்டு நிற்பார்.

படகு ஓட்டத் தெரிந்தால் பட்ஜெட் போடத் தெரியுமா என்கிறார் மருமகன். நியாயமான கேள்வி. சரி என்று கடைக்கே போய்க் கேட்டேன். பேசவில்லை, கல்லாவுக்கு அடியிலிருந்து வடிகால் வரைபடத்தை எடுத்து விரித்தார். தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் பென்சிலில் வட்டம் போட்டிருந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு வட்டம்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. மகளுக்கு உண்டு, மருமகனுக்கும் உண்டு. மருமகனிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர்,
சுகர்லேண்ட், டெக்சாஸ்