மூன்றாவது வரிசை மாணவனைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கல்லூரி வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மடிக்கணினியில் வீடியோ பார்க்கும் மாணவனை எல்லார் முன்னிலையிலும் எழுப்பி வெளியே அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அனுப்ப உனக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனாலும் அவசரப்படாதே.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், தம் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனைக் கண்டித்தார். அவரை யோசிக்க வைத்தவர்கள் மற்ற மாணவர்கள்தாம். கிசுகிசுத்தவர்கள் வாயை மூடினார்கள். அதோடு, ஒழுங்காக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் பார்வையைத் தாழ்த்திக் குறிப்பேட்டில் புதைத்துக்கொண்டார்கள். பிறகு பள்ளி வகுப்பறைகளை ஆராய்ந்து 1970-இல் அவர் வெளியிட்ட முடிவு, எப்படித் திட்டுகிறோம் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதுதான். வகுப்பில் நடப்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்வதும், பாடம் தடங்கலில்லாமல் ஓடுவதும்தான் முக்கியம் என்றார்.

அதற்காகக் கண்டும் காணாமல் இருந்துவிடாதே. 2013-இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வில், அடுத்தவர் மடிக்கணினியில் வேறு வேலை பார்ப்பது கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்தவர்கள், தேர்வில் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். எனவே உன் மானம் போகிறதா என்பதை விடு. நான்காவது வரிசைக்காரர்களின் படிப்பு போகிறது. பாடத்தை நிறுத்தாமல் பேசிக்கொண்டே அவன் பக்கம் நட. பல நேரம் அதுவே போதும். போதாவிட்டால் வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிடு. “மரியாதை தெரியாதவனே” என்று ஆரம்பிக்காதே. “வீடியோ பார்த்தாய், பின்னால் இருப்பவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, என்ன விஷயம்?” என்று கேட்டுவிட்டு அவன் பேசும்வரை சும்மா இரு. இந்தச் சும்மா இருப்பது உனக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து 1996-இல் எழுதினார்: ஒழுங்கீனத்தில் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு, பருவத்தின் முதல் நாட்களிலேயே வகுப்பின் போக்கு பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. நேரம் முடிந்த பிறகும் “இன்னும் இரண்டே நிமிடம்” என்று நீ இழுத்தால் அவர்கள் பையை மூடத்தான் செய்வார்கள்.

இளம் பெண் ஆசிரியர் என்று சீண்டிப் பார்ப்பவர்கள், மிரட்டுபவர்கள் கதை வேறு. அங்கே பொறுமை வேண்டாம். தேதி, சொன்ன வார்த்தைகள், அப்போது இருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றே எழுதி வைத்துத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடு. வாய்வார்த்தையாகச் சொன்னால் காற்றோடு போய்விடும்.

அடுத்த பருவத்தில் முதல் வகுப்பிலேயே விதிகளை அவர்களோடு பேசி எழுதிவிடு. நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்று உன்மேல் இருக்கட்டும்: விடைத்தாளைத் திருத்தி எத்தனை நாளில் திருப்பித் தருவாய் என்று.

அன்புடன்,
அம்மா