கம்பஸ் பிள்ளைகளின் கேள்விகள்: சனிக்கிழமைக்கு முன் வாசியுங்கள்

அன்பான உறவுகளே, ஸ்தோத்திரம்.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படுவது: "நிசேயாவில் வாக்கெடுத்துத்தானே வேதாகமத்தைத் தெரிவு செய்தார்கள்?" இல்லை. 325இல் நிசேயா நகரில் கூடிய அந்த ஆயர்களின் சங்கம் ஆராய்ந்தது, குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுசின் போதனையையும் பாஸ்கா (ஈஸ்டர்) நாளையும். அது இயற்றிய 20 சட்டங்களில் ஒன்றும் வேதாகம நூல்களைப் பற்றியதல்ல. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடியே வரும் பழைய பட்டியல், 367இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. சுவிசேஷங்கள் நான்குதான் என்று லியோன் நகர ஆயர் இரேனியுஸ் சுமார் 180இலேயே எழுதிவிட்டார். இந்த மூன்று ஆண்டுகளையும் மனதில் வைத்தால் போதும்.

தயவுசெய்து "யோசுவாவுக்காகச் சூரியன் நின்ற நாளை நாசா கண்டுபிடித்தது", "டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார்" என்பவற்றை இங்கே பகிர வேண்டாம். இரண்டும் பொய். டார்வினின் மகளே அந்த மனந்திரும்பிய கதையை மறுத்திருக்கிறார். போனில் ஒரு நிமிடம் தேடினால் பிடிபட்டுவிடும். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மிகக் கடினமானது வேறு. "2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது உங்கள் கடவுள் எங்கே இருந்தார்?" இதற்கு, சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்னும் ரோமர் 8:28ஐ உடனே எடுத்து நீட்டாதீர்கள். கேட்பவர் வீட்டில் இழப்பு இருக்கலாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாய் திறந்தபின்தான் பிழையாகிப்போனது. சங்கீதம் 88ஐச் சேர்ந்து வாசியுங்கள், அது இருளிலேயே முடிகிறது. அப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் தருகிறது.

பதில் தெரியாவிட்டால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி திரும்பப் போங்கள். 1 பேதுரு 3:15 கேட்பது "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வாருங்கள், பெயர் வேண்டாம்.