பனிக்காலத்தில் எங்கள் வீட்டு மின்சாரத்தைக் காத்தவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோவில் எம்மோடு ஒரே வரிசையில் குடியிருக்கும் அயலவர்களுக்கும், பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இன்னும் சிலருக்கும் இம்மடலை எழுதுகிறேன்.

கடந்த ஒக்ரோபரில் என் கணவர் முதுகில் காயப்பட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தபோது, வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் முதலில் பார்த்துக்கொண்டு ஹைட்ரோ பில்லை, அதாவது மின்கட்டணத்தைத் தள்ளிவைத்தோம். ஜனவரியில் மூன்று பில்கள் சேர்ந்துவிட்டன. எம் வீட்டைச் சூடாக்குவது எரிவாயுதானே, மின்சாரம் போனாலும் குளிரில் விறைக்க மாட்டோம் என்று நான் எண்ணியிருந்தேன். ஃபேர்னஸ் எனும் வீட்டைச் சூடாக்கும் உலையில் தீயை மூட்டுவதும் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளுவதும் மின்சாரம்தான் என்பதையும், அது நின்றால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கவும் கூடும் என்பதையும் பக்கத்து வீட்டு அண்ணர் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அந்த மாதத்தில் ஒருநாள் மாலை, இன்னும் ஒரு மணித்தியாலத்தில் இணைப்பைத் துண்டிக்கப்போவதாகவும், கடையில் பரிசு அட்டைகளை வாங்கி அவற்றின் இலக்கங்களைச் சொன்னால் தப்பலாம் என்றும் ஒருவர் தொலைபேசியில் மிரட்டினார். பதற்றத்தில் காசை எடுத்துக்கொண்டு புறப்பட்ட என்னை வாசலில் மறித்தவர் அந்த அண்ணரின் மகள். "அன்ரி, நவம்பர் 15 இலிருந்து ஏப்ரல் 30 வரைக்கும் காசு கட்டேல்லை எண்டு இஞ்சை ஒருத்தரும் வீட்டுக் கரண்டை வெட்டேலாது, உங்களோடை கதைச்சவன் கள்ளன்" என்றார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அந்தப் பிள்ளைக்கே எனது முதல் நன்றி. இந்த நாட்டில் இருபது வருடம் வாழ்ந்த எனக்கு, என்னைக் காக்கும் சட்டம் ஒன்று இருப்பது தெரியாமல் போனதை எண்ணி இப்போதும் வெட்கப்படுகிறேன்.

அந்தப் பாதுகாப்பு எளிதாக வந்ததன்று. ஒன்ராறியோவின் நாட்டுப்புறங்களில், மின்கட்டணம் கட்டுவதா சாப்பிடுவதா என்று தவித்த குடும்பங்கள் 2016 அளவில் தங்கள் பில்களைப் பகிரங்கமாகக் காட்டிக் குரல் எழுப்பினார்கள். 2017 பெப்ரவரியில் மாகாணச் சட்டமன்றம் சட்டம் இயற்ற, பனிக்காலத் துண்டிப்பை நிறுத்தும்படியும், ஏற்கெனவே துண்டித்த வீடுகளுக்கு இணைப்பைத் திருப்பிக் கொடுக்கும்படியும் மாகாணத்தின் மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் ஒன்ராறியோ எரிசக்திச் சபை மின் விநியோக நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. கட்டணம் பாக்கி என்பதற்காகச் சில வீடுகளில் பூட்டியிருந்த, மிகக் குறைந்த மின்சாரத்தை மட்டுமே உள்ளே விடும் கருவிகளையும் அகற்றச் சொன்னது. முன்பின் அறியாத அந்த நாட்டுப்புறக் குடும்பங்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் துண்டிக்க முடியாது என்பது கடன் இல்லாமற் போய்விட்டது என்று ஆகாது. பாக்கி அப்படியே நிற்கும். மே மாதம் பிறந்ததும் துண்டிக்கும் உரிமையும் திரும்பி வந்துவிடும். இதை மறைக்காமல் எடுத்துச் சொன்னவர், சமூக உதவிகளைத் தேடித்தரும் 211 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்ததன் வழியாக நாங்கள் சந்தித்த சமூகசேவைப் பணியாளர். தமிழ் தெரியாதவர், எனது ஆங்கிலமோ அரைகுறை. வருமானவரி மதிப்பீட்டுத் தாளை நான் பெட்டிக்குள் தேடி முடிக்கும்வரை தொலைபேசியை வைக்காமல் காத்திருந்தார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அவசர எரிசக்தி உதவிக்கு அவரே விண்ணப்பத்தை நிரப்பினார். அந்தப் பணம் எங்கள் கைக்கு வராமல் நேரே மின்கணக்கில் வரவானது. மாதந்தோறும் பில்லிலேயே ஒரு தொகையைக் கழிக்கும் திட்டம் 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது என்றும், குடும்ப அங்கத்தவர் தொகையையும் வருமானத்தையும் பொறுத்து அது அமையும் என்றும் சொல்லி, அதற்கும் பதியவைத்தார். மிஞ்சிய பாக்கியைப் 12 மாதத் தவணையில் கட்டும் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெற எங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தோம்.

பத்திரங்களை அச்சிட்டுத் தந்த நூலகப் பணியாளருக்கும், கேட்காமலே சோற்றுப் பானையோடு வந்த எதிர்வீட்டு மாமிக்கும், ஃபேர்னஸின் வடிகட்டியைத் தன் காசில் மாற்றிவிட்டு அதைப் பற்றிப் பேசவே மறுக்கும் அண்ணருக்கும் எம் குடும்பத்தின் நன்றி.

மே முதலாம் திகதி வந்து போயிற்று. வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆறாவது தவணையை நேற்றுக் கட்டினோம்.

நன்றியுடன்,
உங்கள் அயலவள்