கொல்லாமலும் ஆடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் என்றாலே சுட்டுத் தள்ளுவதுதான் என்று பேசுகிறவர்களுக்கு 'டிஸ்ஹானர்டு' விளையாட்டைக் காட்ட ஆசைப்படுகிறேன். பிரான்ஸின் அர்கேன் ஸ்டுடியோஸ் 2012இல் கொண்டுவந்தது, பெரியவர்களுக்கானது. நாயகன் கோர்வோவின் கையில் கத்தி இருக்கும். ஆனாலும் ஓர் உயிரைக்கூட எடுக்காமல் கடைசி வரை ஆடி முடிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாயில் சீமாட்டிகள் வீட்டு முகமூடி விருந்து. வெள்ளை, சிவப்பு, கறுப்பு உடைகளில் மூன்று சகோதரிகள். நாம் தேடிவந்தவள் அவர்களில் யார் என்பது ஒவ்வொரு புது ஆட்டத்திலும் மாறும். விருந்தினர்களிடம் பேச்சுக் கொடுக்கலாம். காவலர் கண்ணில் படாமல் மாடியேறி அறைகளைத் துழாவலாம். தைரியமிருந்தால் வருகைப் பதிவேட்டில் சொந்தப் பெயரையே எழுதிவிட்டுப் போகலாம்! கொல்ல மனமில்லையா, அவளை மயக்கி, அவள்மேல் பித்தாக இருக்கும் ஒருவனிடம் ஒப்படைக்க வேண்டும். அது எனக்கு ஒப்பவே இல்லை. உயிர் பிழைத்தாள், சரி. அப்புறம் அவள் கதி என்ன? இப்படி உறுத்தும்படி ஒரு தேர்வை வைத்ததற்காகவே இதை மதிக்கிறேன்.

கொலைகள் கூடக்கூட நகரத்தில் எலிகள் பெருகும். கோர்வோ காக்க வேண்டிய, பேரரசியின் மகளான சிறுமி எமிலி வரையும் படங்கள் இருண்டுபோகும். ரத்தம் அதிகம் சிந்தியிருந்தால், எப்போதும் துணைநின்ற படகோட்டி சாமுவேலே கடைசிக் கட்டத்தில் துப்பாக்கியால் சுட்டு, நாம் வந்திருப்பதைக் காவலர்களுக்குத் தெரிவித்துவிடுவார்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதும் உங்கள் நாளிதழ், இத்தகைய விளையாட்டுகளுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்க வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், திருச்சி