அஞ்சரை வீசைத் தேனும் அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆளுங்களும்

எல்லாருக்கும் வணக்கங்க. தேன் எடுக்க ஒத்தாசை பண்ணுனதுக்கு நேர்ல வந்து வீடு வீடா நன்றி சொல்லணும்னுதான் கிளம்புனேன், ஆனா மொத வீட்டுலயே டீயைக் குடுத்து உக்கார வச்சுட்டாங்க, ரெண்டாவது வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிப்போச்சு, கரண்டும் இல்ல, அதான் இப்பிடி எழுதிப் போட்டுடுவோம்னு உக்காந்துட்டேன். தெருக்காரங்க, நம்ம பர்மா முடோன் சொந்தக்காரங்க, மோல்மேன் கூட்டாளிங்க எல்லாரும் படிங்க. எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க, எனக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது கோயில் திண்ணையில ராத்திரி நடந்த வகுப்புதான்.

போன ஞாயித்துக்கிழமை கொல்லையில இருக்கிற மூணு பெட்டியிலயும் தேன் எடுத்தோம். மொத்தம் அஞ்சரை வீசை. ஒரு வீசைங்கிறது 1.63 கிலோ, அப்ப 9 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. (இந்த ஊருக்காரங்க பெய்த்தாங்கிறாங்க, நாம இன்னும் வீசைன்னுதான் சொல்றோம், வெள்ளக்காரன் விஸ்ஸுன்னு எழுதி வச்சுட்டுப் போனதும் நம்ம வீசையத்தான்.) மாக்வே, சகாயிங் பக்கம் எள்ளுக்காட்டுலயும் சூரியகாந்திக் காட்டுலயும் லாரியில பெட்டி எறக்கி இத்தாலித் தேனீ வச்சு எடுக்கிறவங்க இதக் கேட்டா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். நம்மளுது நாட்டுத் தேனீ, பொந்துல கூடு கட்டுற சாதி, பெட்டிக்கு மூணு கிலோ குடுத்ததே எனக்குப் பெருசு, ஏன்னா போன வருசம் நான் பண்ணுன கூத்து அப்பிடி.

அது தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். போன வருசம் எங்க பழைய பலகைப் பொட்டி ஒண்ணுல தானா ஒரு கூட்டம் வந்து உக்காந்துச்சு. அதிர்ஷ்டம் வீடு தேடி வந்துருச்சுன்னு எங்கம்மா சூடம் காட்டுனாங்க. நான் என்ன பண்ணுனேன், எங்கப்பா காலத்துல மலைத்தேன் எடுத்த மாதிரியே ராத்திரி பந்தத்தக் கொளுத்திக்கிட்டுப் போயி அடை மொத்தத்தையும் கத்தியால அறுத்துட்டேன், புழு இருக்கிற அடை, மகரந்தம் இருக்கிற அடை ஒண்ணு விடல, எல்லாத்தையும் துணியில கட்டிப் பிழிஞ்சேன். வந்தது ஒரு பாட்டில், அதுவும் கலங்கலா, ரெண்டு வாரத்துல நொரை கட்டிப் புளிச்சுப்போச்சு. மூணாம் நாளு பாத்தா பொட்டி காலி. ஒரு ஈ இல்ல. மிச்சம் கெடந்த மெழுகுல அந்துப்பூச்சிப் புழு நூல் கட்டிக்கிட்டுக் கெடந்துச்சு.

அந்தக் கதைய வின்செய்ன் தோயா படுத்த புத்தர் சிலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற மோன் இனத்துச் சயாகிட்ட (சயான்னா வாத்தியாரு) யாரோ சொல்லி, அவரு என்னைக் கூப்புட்டு அனுப்புனாரு. பள்ளிக்கூடத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, வீட்டைச் சுத்தி பெட்டி வச்சிருக்காரு. திட்டுவாருன்னு நெனச்சுத்தான் போனேன். அவரு திட்டல, உக்கார வச்சு லப்பெ (ஊறப்போட்ட தேயிலை) குடுத்துட்டு, 'உன் வீட்டுல எத்தன நாளைக்கு அரிசி இருக்கு?'ன்னு பர்மா பாஷையில கேட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல, ஒரு மாசத்துக்கு இருக்கும்னேன். 'நீ அதுங்க அரிசிப் பானையையும் தூக்கிட்ட, தொட்டிலையும் தூக்கிட்ட, அப்புறம் எதுக்கு அங்க இருக்கும்?'னாரு. அவ்ளோதான் பாடம். அப்புறம் ரெண்டு கூட்டத்தச் சும்மா குடுத்தாரு, காசு வாங்கல, மூணாவது எங்க பலா மரத்துக்கே வந்த கூட்டம், அதையும் அவரே வந்து பெட்டிக்குள்ள எறக்கி விட்டுட்டுப் போனாரு. சயா, நீங்க தமிழ் படிக்க மாட்டீங்கன்னு தெரியும், உங்க பேரன் படிச்சுச் சொல்லுவான், அவன் எங்க தெருப் பசங்க கூடச் சேந்து நம்மள விட நல்லாவே தமிழ் பேசுறான்.

பெட்டி செஞ்ச ஆசாரி மாமாவுக்கு ரெண்டு தடவ நன்றி சொல்லணும், ஏன்னா ரெண்டு தடவ செஞ்சாரு. மொதப் பெட்டியில அடை தொங்குற மரச் சட்டத்துக்கும் பெட்டிச் செவத்துக்கும் நடுவுல நான்தான் தாராளமா எடம் விடச் சொன்னேன், காத்து வரட்டும்னு. அதுங்க அந்த எடத்துல குறுக்கால அடை கட்டி எல்லாத்தையும் ஒட்டிருச்சு, ஒரு சட்டத்த இழுத்தா மூணு சட்டம் கூட வருது. 8 மில்லிதான் விடணுமாம், ஒரு தேனீ முதுகு ஒரசாம நடந்து போற அளவு, அதுக்கு மேல விட்டா அடை கட்டும், கம்மியா விட்டா ஈ நடக்கவே எடம் இருக்காது. இதத்தான் 1851ல லாங்ஸ்ட்ராத்துன்னு ஒரு அமெரிக்கப் பாதிரியாரு கண்டுபிடிச்சாராம், உலகம் பூரா இன்னைக்குப் பெட்டி செய்யிறது அந்த இடைவெளிய வச்சுத்தான். மாமா இதக் கேட்டுட்டு, 'பாதிரியாருக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலயா, என் மரம் வீணாப் போச்சே'ன்னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாரு, ஆனா ஸ்கேல் வச்சு அளந்து மறுபடி செஞ்சு குடுத்தாரு. பெட்டி நிக்கிற நாலு காலுக்கும் கீழ எறும்பு ஏறாம தண்ணி ஊத்தி வைக்கப் பழைய மீன் டப்பா எடுத்துக் குடுத்ததும் அவருதான்.

அடுத்த நன்றி மார்த்தாண்டம் தங்கச்சிக்கு. 1964ல பெரிய தாத்தா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனதுல அந்தப் பக்கம் வாழ்க்கப்பட்டுப் போன சின்னம்மாவோட மக. அவங்க ஊருல 1920கள்லயே ஒய்.எம்.சி.ஏ. காரங்க வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டி பழக்கி விட்டுட்டாங்களாம், அதனால அவ பொறந்ததுலருந்து தேனோடதான் இருக்கா. எங்க கொல்லைக்குப் பின்னாடி பூரா ரப்பர்னு நான் சொன்னதும், 'அண்ணே, உனக்கு வேற பூவே வேணாம், ரப்பர் எலையப் பாரு'ன்னா. ரப்பர்ல பூவப் பாக்கக் கூடாதாம். தை மாசத்துல எலையெல்லாம் கொட்டி மறுபடி செம்பு நெறத்துல துளுக்கும் பாருங்க, அந்த எளங்கொழுந்துல மூணு எலையும் சேருற காம்பு நுனியில கடுகு மாதிரி மூணு மேடு இருக்கும், அதுலருந்து தேன் தண்ணி கசியும். நாப்பது வருசமா இந்த மரத்துக்கு நடுவுல வாழுறேன், பால் வெட்டுனவங்க பிள்ளை நான், ஒரு நாளும் இதப் பாத்ததில்ல. ஒரு கொழுந்தப் பறிச்சு நாக்குல வச்சுப் பாத்தேன், லேசா இனிக்குது. அன்னைக்குக் கால்மணி நேரம் அந்த மரத்தடியிலயே நின்னுட்டேன், தலைக்கு மேல ஒரே ரீங்காரம்.

அவசரப்பட்டு எடுக்காம தடுத்ததும் அவதான். மாசி ஆரம்பத்துலயே அடை கனமா இருக்குன்னு கத்தியத் தீட்டிட்டேன். வீடியோவுல பாத்துட்டு, 'சட்டத்தக் குப்புறப் புடிச்சு ஒரு ஒதறு ஒதறுண்ணே'ன்னா. ஒதறுனேன், மழ மாதிரி சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. அது இன்னும் பச்சத் தண்ணி, தேன் ஆகல, அடையில முக்காவாசிக் கண்ண மெழுகு வச்சு மூடுனப்புறம்தான் எடுக்கணும், இப்ப எடுத்தா போன வருசம் மாதிரியே புளிக்கும்னு சொல்லிட்டா. இன்னும் பதினெட்டு நாள் பொறுத்தோம்.

அதுக்கு முன்னாடி மழைக்காலத்தத் தாண்டுனது பெரும்பாடு. நம்ம ஊரு மழை உங்களுக்குத் தெரியும், வருசத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊரு, அஞ்சு மாசம் ஈ வெளியவே போக முடியாது, உள்ள பட்டினி. சக்கரைப் பாகு வைக்கணும், ஒரு பங்கு சக்கரைக்கு ஒரு பங்கு தண்ணி, ஆனா சக்கரை விக்கிற வெலைக்கு நான் எங்க போவேன். டீக்கடை மாமா மூட்டையோட அடியில கட்டியாப் போன சக்கரையெல்லாம் எடுத்து வச்சு வாரா வாரம் குடுத்தாரு. மழை விட்டதும் பாகை நிறுத்திட்டோம், சட்டியத் தூக்கியே மூணு மாசம் ஆச்சு, அதனால உங்க பாட்டில்ல இருக்கிறது மாமாவோட சக்கரையா இருக்குமோன்னு யாரும் சந்தேகப்பட வேணாம்.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட நன்றியும் சொல்லணும், மன்னிப்பும் கேக்கணும். காயப்போட்ட வெள்ளைச் சட்டையில மஞ்சள் மஞ்சளாப் புள்ளி வந்துச்சுல்ல, அது மூஞ்சியில பூசுற தனாக்கா இல்லக்கா, தேனீ கழிஞ்சது. ரெண்டு மாசமா உங்க சின்னவன் மேல பழியப் போட்டு அவனை அடிச்சீங்க, நான் தெரிஞ்சும் வாயத் தொறக்கல, பெட்டிய எடுக்கச் சொல்லிருவீங்களோன்னு பயம். அவனுக்குக் காதுல ஒரு கொட்டு வேற. அதுக்கும் நீங்க சண்டைக்கு வரல. இப்ப பெட்டி வாசல ரப்பர் பக்கமாத் திருப்பி வச்சுட்டேன், உங்க கொடிப் பக்கம் வராது. வந்தா சொல்லுங்க, நான் தொவச்சுத் தரேன்.

வார்டு ஆபீசுல வேல பாக்குற தம்பிக்கும் நன்றி, டெங்குக்குப் புகை மருந்து அடிக்க வர்றதுக்கு மொத நாளே போன் பண்ணிச் சொல்லிருவான். சாயங்காலம் எல்லாம் உள்ள வந்தப்புறம் வாசல்ல வலைய வச்சு அடைச்சு ஈரச் சாக்கப் போத்திருவேன். சொல்லாம அடிச்சிருந்தா மூணு பெட்டியும் ஒரே நாளுல போயிருக்கும்.

எடுத்த அன்னைக்கு நடந்ததச் சொல்றேன். தேன் சுத்துற மிஷின் ஒண்ணு வாங்குனேன் ஒரு கடையில, கடைப் பேரு வேணாம், எவர்சில்வர்னு சொல்லித்தான் குடுத்தாங்க, வீட்டுல வந்து சொரண்டுனா தகரத்து மேல பூச்சு. தேன் புளிப்பு பட்டா அந்தப் பூச்சு கரையும்னு சயா தொடவே விடல. அவரோட மிஷினைச் சைக்கிள்ல கட்டி எடுத்துட்டு வந்தாரு, கைப்பிடி சுத்துறது, கரண்ட் தேவையில்ல. அத்தை தச்சுக் குடுத்த முகமூடியப் போட்டுக்கிட்டேன், கமாவ்ங்கிற மூங்கில் தொப்பியச் சுத்திக் கொசுவலை, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குன்னு பசங்க ஒரே சிரிப்பு. தேங்கா நாரு பொகைய லேசா ரெண்டு ஊது. மேல் அறைச் சட்டத்த ஒண்ணொண்ணா எடுத்து தேனீயத் தூரிகையால தள்ளிவிட்டு ஈரத் துணி மூடி வீட்டுக்குள்ள கொண்டு போனோம், கதவச் சாத்திட்டோம், இல்லாட்டி வாசத்துக்கு ஊரு ஈ பூரா வந்துரும். நடுவுல வலையில ஓட்டை இருந்து எனக்குக் கழுத்துல ஒண்ணு கொட்டுச்சு, பின்னாடியே நாலு. கொட்டுன எடத்துல வாழப்பழ வாசம் மாதிரி ஒண்ணு வரும், அது மத்த ஈக்கு 'இங்க வா'ன்னு சொல்ற வாசம், அதனால கொடுக்கப் புடுங்காம நகத்தால வழிச்சுட்டு அந்த எடத்துல பொகைய ஊதணும்னு சயா ஓடி வந்தாரு. அதே நேரம் பாத்து எங்கம்மா ஒரு சீப்பு வாழப்பழத்தோட கொல்லைக்கு வர்றாங்க, எல்லாருக்கும் பசிக்குமேன்னு. சயா பர்மா பாஷையில கத்துறாரு, அம்மாவுக்குக் காது கேக்காது. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல.

மெழுகு மூடியச் சீவுறப்ப வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு, ஈரக் காயிதம் கிழியிற மாதிரி. மொதச் சட்டத்த வேகமா சுத்தி அடைய ஒடச்சுட்டேன், நாட்டு ஈயோட அடை மெத்து. அப்புறம் எங்க வீட்டுக்காரிதான் சுத்துனா, அரிசி பொடைக்கிற நிதானம் அவளுக்கு. குழாயத் தொறந்ததும் மொத நூலு எறங்குச்சு பாருங்க, வெளக்கு வெளிச்சத்துல, அப்ப ஒருத்தரும் பேசல. புழு வளர்ற கீழ் அறைய யாரும் தொடல, மேலயும் பெட்டிக்கு ஒரு சட்டம் அப்பிடியே விட்டாச்சு. எண்ணிப் பாத்தேன், விட்டது மூணு சட்டம். எனக்கு மனசு கேக்கல, இன்னும் ஒரு வீசை வந்திருக்கும். சயா என் மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம பெட்டிய மூடிட்டாரு.

மொதப் பாட்டில் கோயிலுக்குப் போச்சு, முருகனுக்குத் தேன் அபிசேகம், மிச்சத்துல எங்கம்மா தினைமாவு பெசஞ்சாங்க. பாக்கியத் தெருவுல பிரிச்சுக் குடுத்தாச்சு. யாருக்காவது விட்டுப்போயிருந்தா வீட்டுக்கு வாங்க, ஒரு பாட்டில் ஒளிச்சு வச்சிருக்கேன்.

வாங்குனவங்களுக்கு ஒரு வார்த்த: ரப்பர் தேன் சீக்கிரம் ஒறையும், ஒரு மாசத்துல நெய் மாதிரி வெள்ளையாக் கட்டிக்கும். சக்கரை கலந்துட்டான்னு டீக்கடையில பேசிராதீங்க, அது அதோட கொணம். வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில பாட்டில வைங்க, எளகிரும், அடுப்புல மட்டும் ஏத்தாதீங்க. இந்தத் தேன்ல தண்ணிப் பதம் கொஞ்சம் கூட இருக்கும், மூடிய நல்லா இறுக்கி வச்சு மழைக்கு முன்னாடி தீத்துருங்க. ஒரு வயசு ஆகாத பிள்ளைங்களுக்கு நாக்குலகூடத் தடவாதீங்க, பாட்டிங்க சொன்னாலும் வேணாம்.

பாட்டில் எல்லாம் திரும்ப வேணும். கழுவி நல்லா காய வச்சுக் குடுங்க, போன வாட்டி ஊறுகா வாசத்தோட வந்துச்சு, யாருன்னு எனக்குத் தெரியும் மாமா.