தூளியில் குழந்தை தூங்கிய பிறகு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் கடைக்கு வந்த ஒரு அம்மா தூளிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ராத்திரி முழுக்க இதிலேயே விட்டுடலாம் இல்லையா? பெட்டியிலேயே போட்டிருக்கே." வாங்கிப் பார்த்தோம். 'இரவு முழுவதும் நிம்மதியான உறக்கம்' என்று நாங்களே அச்சடித்த வரி. அந்த வரி தவறு. அதைப் பெட்டியில் போட்டது எங்கள் பிழை. புதிய பெட்டிகளில் எடுத்துவிட்டோம். ஆனால் பழைய பெட்டி பல வீடுகளுக்குப் போயிருக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அழும் குழந்தையை அமர்த்தத் தூளியைப் போல ஒன்று இல்லை. இதை விற்பவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. வயிற்றில் இருக்கும்போது தாய் நடந்தாலும் திரும்பினாலும் குழந்தையும் கூடவே ஆடிக்கொண்டிருந்தது. அந்த அசைவை உணர்வது காதின் உட்பகுதியில் இருக்கும் சமநிலை உறுப்பு. பிறந்த பிறகும் அதே மாதிரி மெதுவான, ஒரே சீரான ஆட்டம் கிடைத்தால் குழந்தையின் இதயத் துடிப்பு தணிகிறது, கை கால் உதறல் நிற்கிறது, அழுகை அடங்குகிறது. வீறிட்டு அழுத குழந்தை நாலு ஆட்டத்தில் கண் சொருகுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சிக்கல் தொடங்குவது தூங்கிய பிறகுதான்.

பச்சைக் குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து நிற்காது. பின்மண்டை வேறு துருத்திக்கொண்டிருக்கும். மூச்சுக்குழாயோ மெல்லியது, எளிதில் மடங்கக்கூடியது. சமமான படுக்கையில் மல்லாந்து படுத்தால் கழுத்து நேராக இருக்கும். வளைந்த துணியில் படுத்தால் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் போய் முட்டும். உங்கள் தாடையை நெஞ்சோடு ஒட்டி அழுத்திக்கொண்டு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். இழுக்கச் சிரமமாக இருக்கும். நமக்குக் கழுத்தில் பலம் இருக்கிறது, தலையை நிமிர்த்திக்கொள்கிறோம். குழந்தையால் நிமிர்த்த முடியாது. சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடவும் முடியாது.

அந்த அம்மா போன பிறகு நாங்களும் ஒன்று செய்து பார்த்தோம். ஒரு துணிப் பொம்மைக்குள் நாலு கிலோ மணல் அடைத்து, கடையில் கட்டியிருந்த தூளியில் போட்டு, தலை சரியாக நிமிர்ந்திருக்கும்படி வைத்துவிட்டு ஆட்டினோம். பத்துப் பன்னிரண்டு ஆட்டம்கூட ஆகவில்லை. பொம்மை அடிப்பக்கமாகச் சறுக்கி, தலை மடங்கி, முகம் ஒருக்களித்துத் துணியில் பதிந்து கிடந்தது. துணியின் இரண்டு ஓரமும் மேலே சேர்ந்துகொண்டதால் வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியவில்லை. 'நன்றாகத்தான் தூங்குகிறது' என்று நினைத்திருப்போம். எட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குக் கடையில் யாரும் அதிகம் பேசவில்லை.

இது வெறும் பயம் இல்லை. 2009 டிசம்பரில் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு வகைக் குழந்தைத் தூளியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வைத்தது. இரண்டு குழந்தைகள் அதில் மூச்சுமுட்டி இறந்திருந்தார்கள். தூளி பக்கவாட்டில் சாயும்போது குழந்தை உருண்டு துணியோடும் மெத்தையோடும் சிக்கிக்கொள்கிறது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். விற்றிருந்தது சுமார் 24,000. அப்புறம் 2022இல் அந்த நாட்டில் ஒரு சட்டமே வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தூங்குவதற்கென்று 10 டிகிரிக்கு மேல் சாய்வாகச் செய்த படுக்கைகளை விற்கக் கூடாது. கதவைத் திறந்து நிறுத்தும் ஆப்பின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள், 10 டிகிரி என்பது ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தத் தூளியின் வளைவும் அதைத் தாண்டிவிடும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். அமர்த்துவதற்குத் தூளி, தூங்குவதற்குப் படுக்கை. குழந்தை தூளியில் தூங்கிவிட்டால் எடுத்துச் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, மெத்துமெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். முதல் ஆறு மாதமாவது அந்தப் படுக்கை நீங்கள் படுக்கும் அறையிலேயே இருக்கட்டும்.

"எடுத்தால் முழித்துக்கொள்கிறதே!" என்பீர்கள். நியாயமான கேள்வி. இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு உதவுகிறது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் அழுகை அடங்கிப் பல குழந்தைகள் தூங்கிவிடுகின்றன. ஆனால் உடனே கீழே விட்டால் முழித்துக்கொள்கின்றன. முதுகு படுக்கையில் படுவதால் அல்ல, நம் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும் அந்த நொடியிலேயே விழிப்புத் தட்டுகிறது. தூங்கிய பிறகு ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் படுக்க வைத்தால் தூக்கம் கலைவது குறைகிறது. அந்த ஆய்வு கையில் வைத்திருந்த குழந்தைகளைப் பற்றியது. ஆனால் தூளிக்கும் அதே பொறுமைதான் என்று எங்களிடம் வாங்கிய பல தாய்மார்கள் சொல்லியிருக்கிறார்கள். கண் மூடியதும் ஆட்டத்தை மெல்ல மெல்லக் குறையுங்கள். நின்ற பிறகு பக்கத்திலேயே இருங்கள், முகத்தையும் மூக்கையும் பார்த்துக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையின் கையை லேசாகத் தூக்கி விட்டுப் பாருங்கள். கை துவண்டு தொப்பென்று விழுந்தால் அசந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்து ஒரு நிமிடம் மார்போடு வைத்திருந்து, பிறகு படுக்கையில் முதலில் இடுப்பு, கடைசியில் தலை. முதல் இரண்டு மூன்று நாள் முழித்துக்கொள்ளலாம். விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் முகம் துணியில் அழுந்தினாலோ, தாடை நெஞ்சில் பட்டாலோ, மூச்சு கரகரத்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே தூக்கிவிடுங்கள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்திருந்தால் துணிக்குள் புழுக்கம் அதிகம்.

கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். துணி கிழிவதைவிட கொக்கி தேய்வதுதான் அடிக்கடி நடக்கிறது. கொக்கியின் உள்வளைவில், ஸ்பிரிங் உரசும் இடத்தில், பளபளவென்று ஒரு பள்ளம் விழும். கட்டைவிரல் நகத்தை அதில் ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் அந்தக் கொக்கியை மாற்ற வேண்டும். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலும் அப்படியே. கயிறாக இருந்தால் விட்டத்தில் உரசும் மேல்பக்கம்தான் முதலில் நைந்துபோகும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஸ்டூல் போட்டு ஏறித்தான் பார்க்க வேண்டும். புதிதாகக் கட்டினால் குழந்தையைப் போடுவதற்கு முன் 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பித் தூளியில் வைத்துப் பத்து நிமிடம் ஆட்டுங்கள். அது 20 கிலோ. அதைத் தாங்காதது ஆட்டத்தையும் உதறலையும் தாங்காது. தூளியின் அடி தரைக்கு மேலே ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கீழே ஒரு பாய் இருக்கட்டும். சுவரும் கட்டிலும் ஆட்டத்துக்கு எட்டக் கூடாது. ஸ்பிரிங்குக்குள் ஒரு பாதுகாப்புக் கயிறு ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஸ்பிரிங் அறுந்தால் பிடித்துக்கொள்வது அதுதான்.

வேகமாக ஆட்டாதீர்கள். அழுகை நிற்காத ஆத்திரத்தில் கை தானாக வேகம் பிடிக்கும், எல்லாருக்கும் வருவதுதான். அப்போது குழந்தையைப் படுக்கையில் பத்திரமாக விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் தள்ளிப் போய் மூச்சு வாங்கிவிட்டு வாருங்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை.

உருளவோ குப்புறவோ தொடங்கிய நாளோடு தூளியைக் கழற்றிவிடுங்கள். சில குழந்தைகள் நாலாம் மாதமே தொடங்கிவிடும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தூளியில் போடவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே என்றால், அங்கே மூச்சையும் துடிப்பையும் கருவி நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, பெரிய பிள்ளைகள். காலித் தூளி என்றால் அவர்களுக்கு ஊஞ்சல். உட்கார்ந்து முறுக்கிச் சுற்றும்போது துணி கழுத்தைச் சுற்றி இறுகிப் பிள்ளைகள் இறந்துபோனதுண்டு. குழந்தையை எடுத்த கையோடு துணியைக் கழற்றியோ, எட்டாத உயரத்துக்குச் சுருட்டிக் கட்டியோ வைத்துவிடுங்கள்.

தானாக ஆட்டும் மோட்டாரையும் தூளித் தலையணையையும் இனி நாங்கள் விற்கப்போவதில்லை. மோட்டார் ஓடினால் ஆள் நகர்ந்துவிடுவார். தூளிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதுதான் முக்கியம். எங்களிடம் வாங்கிய இந்த இரண்டையும் எந்த நிலையில் இருந்தாலும் கொண்டுவாருங்கள், கொடுத்த பணத்தைத் திருப்பித் தருகிறோம். தேய்ந்த கொக்கிக்குப் புதிய கொக்கியும் இலவசம்.

குழந்தை வளர்ந்த பிறகு தூளியை வேறொரு வீட்டுக்குக் கொடுப்பீர்கள். கொடுக்கும்போது பெட்டியில் இருக்கும் அந்தப் பழைய வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, இந்த மடலையும் மடித்து உள்ளே வைத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
தூளி தைத்துத் தரும் உங்கள் கடையினர்